விலக்களிக்கப்பட்ட திரவம்: நாசிக் ஒயின் ஆலைகளைப் பார்த்ததை முன்வைத்து

சென்னையில் 'ஒயின் ஷாப்' என்ற சொல்லுக்கும் ஒயின் என்ற திரவத்துக்கும் பெரிய உறவு எதுவும் இருந்ததில்லை. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் முழுதாகத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும்வரை தி.நகரிலும் மயிலாப்பூரிலும் தனியார் நடத்திய கடைகளின் பலகையில் 'ஒயின்ஸ்' என்று எழுதியிருக்கும். உள்ளே கிடைத்தது பிராந்தி, ரம், விஸ்கி, பீர். ஒயின் கேட்டு ஒருவன் போய் நின்றிருந்தால் கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்திருப்பார். 'அந்தாளு ஒயின் ஷாப்புல கெடக்கான்' என்று ஒரு பெண் சொல்லும்போது அந்த வாக்கியத்தில் திராட்சை வாசனை கிடையாது. வீட்டுக்கு வந்து சேராத சம்பளம்தான் அதில் இருக்கிறது.

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை உண்டு. அங்கே லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த லாங் டேங்க் என்ற ஏரியை 1920களில் தூர்க்கத் தொடங்கி, அந்தப் படுகையின்மேல் எழுப்பியதுதான் தியாகராய நகர். வள்ளுவர் கோட்டம் (1976) நிற்பதும் ஏரிப்படுகையில்தான். பொருள் காணாமல் போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்ட ஊர் இது. இந்த ஊரில் வளர்ந்தவன் நாசிக்குப் போகும்போது நேர்எதிரான ஒன்றைப் பார்க்கிறான். அங்கே பொருள் கண்முன்னே கிடக்கிறது. பெயர்தான் புதிதாகச் சூட்டப்பட்டிருக்கிறது. அணைக்கு ஏரி என்று பெயர். மதுவுக்கு மது இல்லை என்று பெயர். இந்த இரண்டு பெயர் மாற்றங்களும் ஒரே காரியத்தைச் செய்கின்றன என்பதுதான் இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் பிரதியைப் பார்த்துவிடுவோம். பிரதி என்று நான் சொல்வது ஆலையைச் சுற்றிக்காட்டும் அந்த ஒருமணி நேர நடையை. ஞாயிறு இணைப்புகளில் வரும் ஒயின் பயணக் கட்டுரைகள் எல்லாம் இந்த நடையின் எழுத்து வடிவங்களே. மூன்று கட்டுரை படித்தால் நாலாவதை நாமே எழுதிவிடலாம். மாலை வெயில், தண்ணீர்மேல் சூரியன், கண்ணாடிக் குவளை, 'இந்தியாவிலா இருக்கிறோம்?' என்ற வியப்பு. இந்த வியப்பு இல்லாத கட்டுரையை நான் இன்னும் படிக்கவில்லை. 'இந்தியாவிலா இருக்கிறோம்' என்பது பாராட்டாகிவிடும் இடத்தில் இந்தியா எங்கே போயிற்று என்று கேட்பது விமர்சகன் வேலை.

நாசிக்கில் ஒயின் பழைய சங்கதி அல்ல. தின்னும் திராட்சைக்குப் பெயர்போன ஊர் அது. கலிபோர்னியாவில் மென்பொருள் நிறுவன வேலையை விட்டுத் திரும்பிய ராஜீவ் சாமந்த் குடும்ப நிலத்தில் ஒயின் திராட்சைக் கொடிகளை நட்டது 1990களின் பிற்பாதியில். சுலா என்ற பெயரில் முதல் ஒயின் வந்தது 2000இல். அடுத்த ஆண்டே மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கையை அறிவித்து, மாநிலத் திராட்சையிலிருந்து செய்யும் ஒயினுக்கு ஆயத்தீர்வையிலிருந்து விலக்கு அளித்தது. 2005இல் சுலா ருசி பார்க்கும் கூடத்தைத் திறந்தது. பிறகு கங்காபூர் அணையைச் சுற்றி வேறு ஆலைகள், தங்கும் விடுதிகள், பிப்ரவரித் திருவிழா. 2022 டிசம்பரில் சுலா பங்குச் சந்தைக்குப் போனது. இருபது ஆண்டுகளில் ஒரு பாரம்பரியம் தயார்.

சென்னையிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் ஷீரடி, திரியம்பகேஷ்வர், பஞ்சவடி என்று ஒரு வட்டம் அடித்துக் கடைசி நாளை ஒயினுக்கு ஒதுக்குகிறார்கள். இதில் எனக்கு எந்தக் கிண்டலும் இல்லை. பக்தியும் போதையும் அருகருகே இருப்பது நம்மிடம் பழைய விஷயம்தான். ஆனால் காலையில் சுவாமியைப் பார்த்தவர் மாலையில் குடிக்கிறோமே என்று கூசுவதில்லை, கவனித்தீர்களா? 'குடிக்கப் போறதில்ல சார், டேஸ்டிங்' என்றார் வேனில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த, அடையாறிலிருந்து மனைவியோடு வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அந்தச் சொல்லுக்காகவே அவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நடை இப்படிப் போகிறது. வாசலில் கம்பிவரிசையில் ஏற்றிய கொடிகள். ஒவ்வொரு வரிசையின் நுனியிலும் ஒரு ரோஜாச் செடி. பூஞ்சை நோய் கொடிக்கு வருமுன் ரோஜாவில் தெரியும், அதனால் முன்னறிவிப்புக்கு வைப்பது என்று வழிகாட்டிப் பையன் சொன்னான். பிறகு எவர்சில்வர் தொட்டிகள் நிற்கும் கூடம். கறுப்புத் திராட்சையைத் தோலோடு நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின்; சாற்றை மட்டும் பிழிந்து எடுத்துக் குளிர்ச்சியில் நொதிக்கவிட்டால் வெள்ளை. பிறகு ஓக் பீப்பாய்கள் அடுக்கிய இருட்டறை. அங்கே எல்லாரும் தானாகவே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், கர்ப்பக்கிரகத்துக்குள் போனமாதிரி. கடைசியில் ருசி பார்க்கும் மேடை, ஐந்தாறு குவளை, அதை ஒட்டிக் கடை. வெளியேற வேறு வழி கிடையாது.

பையன் கெட்டிக்காரன். ஐரோப்பாவில் கொடி பனிக்காலத்தில் உறங்கும், இங்கே உறக்கமே இல்லை, அதனால் வருஷத்துக்கு இரண்டு கவாத்து, ஏப்ரலில் ஒன்று, மழை முடிந்து ஒன்று என்றான். ஜனவரியிலிருந்து மார்ச்வரை அறுவடை. நல்ல தகவல்கள். கவாத்து செய்வது யார் என்று கேட்டேன். 'லேபர்' என்றான். அந்த ஒரு சொல்லோடு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டோம்.

வாசலில் நாம் படம் எடுத்துக்கொள்ளும் கொடிகள் ஆலைக்கு வேண்டிய திராட்சையில் ஒரு பங்கைத்தான் தருகின்றன. பெரும்பகுதி ஒப்பந்த விவசாயிகளின் நிலத்திலிருந்து லாரியில் வருகிறது. ஆக, பார்வையாளனுக்குக் காட்டப்படும் தோட்டம் உற்பத்தியின் இடமாக இருப்பதைவிட அதன் விளம்பரப் படமாகவே இருக்கிறது. அந்த ஒப்பந்த நிலங்களிலும் நாசிக்கின் தின்னும் திராட்சைத் தோட்டங்களிலும் கவாத்துக்கும் அறுவடைக்கும் கூலியாக வருகிறவர்களில் பேட், சுர்கானா, திண்டோரி வட்டாரங்களின் ஆதிவாசிகள் நிறைய. நடையில் இவர்கள் எந்தத் திருப்பத்திலும் வருவதில்லை.

ஆனால் திராட்சை மிதித்தல் உண்டு. அறுவடைக் காலத்தில் பெரிய தொட்டியில் பழத்தைக் கொட்டி, பார்வையாளர்களைக் கால்சட்டையை மடித்து உள்ளே இறங்கி மிதிக்கச் சொல்கிறார்கள். காசு கட்டித்தான். அந்தச் சாறு ஒயினாவதில்லை. ஒயின் இயந்திரத்தில் நசுங்கித் தொட்டிக்குப் போகிறது. உழைப்பு மறைக்கப்பட்ட இடத்தில் உழைப்பின் நாடகம் விற்பனைக்கு வருகிறது. இந்தக் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேறு கால்கள் நினைவுக்கு வந்தன. 2018 மார்ச் 6ஆம் தேதி இதே நாசிக்கிலிருந்து ஆயிரக்கணக்கான விவசாயிகள், அவர்களில் பெரும்பகுதி ஆதிவாசிகள், வனநில உரிமை கேட்டும் கடன் தள்ளுபடி கேட்டும் மும்பைக்கு நடந்தார்கள். சுமார் 180 கிலோமீட்டர். செருப்பறுந்து, தோல் உரிந்து, ரத்தம் கட்டிய பாதங்களின் படங்கள் அன்று பத்திரிகைகளில் வந்தன. பிப்ரவரியில் மிதிக்கும் கால், மார்ச்சில் நடந்த கால். இரண்டும் ஒரே மாவட்டம்தான்.

இனி அந்த 'ஏரி'.

மேடையில் குவளையோடு நிற்பவன் முன்னால் விரிந்து கிடப்பது கங்காபூர் அணையின் தேக்கம். கோதாவரிமேல் கட்டி 1965இல் முடித்த மண் அணை. நாசிக் நகரத்துக்குக் குடிதண்ணீர் இங்கிருந்து போகிறது. கீழே மராத்வாடாவின் ஜாயக்வாடி நீர்த்தேக்கம் இதே நதியை நம்பி இருக்கிறது. ஆற்றுநீரை மேல்மடையும் கடைமடையும் சமமாகப் பங்கிடவேண்டும் என்று 2005இல் மகாராஷ்டிரம் நீர்வள ஒழுங்காற்றுச் சட்டம் கொண்டுவந்த பிறகு, மழை பொய்த்த ஆண்டுகளில் மேல் அணைகளிலிருந்து ஜாயக்வாடிக்குத் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் நாசிக்கில் எதிர்ப்பும் வழக்கும் எழுந்திருக்கின்றன. காவிரி பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை.

அணை என்று சொன்னால் இந்தக் கேள்விகள் எல்லாம் வந்துவிடும். யாருடைய நிலம் மூழ்கியது, யாருக்கு மடை, யாருக்கு வறட்சி என்று கேட்கவேண்டி வரும். ஏரி என்றால் கேள்வி இல்லை. ஏரி இயற்கை, அது சும்மா இருக்கிறது, அழகாக இருக்கிறது. வரலாற்றை இயற்கையாக மாற்றிக்காட்டுவதுதான் தொன்மம் செய்கிற வேலை என்று ரோலான் பார்த் சொன்னது இதைத்தான். தேக்கடியில் படகில் போகிறவர்கள் 'பெரியார் லேக்' என்று ரசிப்பது 1895இல் பென்னிகுக் கட்டி முடித்த அணையின் தண்ணீரை. ஆனால் தேக்கடியில் ஒரு நேர்மை உண்டு. மூழ்கிய காட்டின் பட்டுப்போன மரங்கள் இன்னமும் தண்ணீருக்குமேல் தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. நாசிக்கில் அப்படி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை.

பார்த்தைக் குறிப்பிட்டதால் சொல்கிறேன். 1957இல் வந்த அவருடைய 'தொன்மவியல்கள்' நூலில் ஒயினும் பாலும் பற்றி ஒரு சிறு கட்டுரை இருக்கிறது. பிரெஞ்சுக்காரனுக்கு ஒயின் ஒரு குலச்சின்னம், அதைக் குடிக்கத் தெரிவது தேசியத் தகுதி என்றெல்லாம் விளையாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் அல்ஜீரியாவில் போய் நிறுத்துவார். மதுவைத் தொடாத இஸ்லாமியர்களின் நிலத்தில், அவர்களுக்கு ரொட்டி இல்லாதபோது, காலனியக் குடியேறிகள் திராட்சை பயிரிட்ட கதை அது. ஒயின் நல்ல வஸ்துதான், ஆனால் அது குற்றமற்ற இன்பமாக இருக்க முடியாது என்பது அவர் வாதம். நம்மூரில் பார்த்தை மேற்கோள் காட்டியவர்கள் (நானும்தான்) பிரதியின் இன்பம், ஆசிரியனின் மரணம் என்று போனோமே தவிர, இந்த அல்ஜீரிய வாக்கியத்தில் அதிகம் நின்றதில்லை.

நாசிக்கை இப்படி வாசித்தால் என்ன கிடைக்கிறது? ஒயின் தலைநகரம் என்று விளம்பரப்படுத்தப்படும் இந்த ஊரில்தான் 1930 மார்ச்சில் அம்பேத்கர் தலைமையில் காலாராம் கோவில் நுழைவுப் போராட்டம் தொடங்கியது. அது ஆண்டுக்கணக்கில் நீண்டும் கதவு திறக்கவில்லை. இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் அவர் அறிவித்த யேவலா இந்த மாவட்டத்து ஊர்தான். பயண நிரலில் பஞ்சவடி இருக்கிறது. காலாராம் கோவிலும் இருக்கிறது, ராமர் கோவிலாக மட்டும். வேனில் வந்தவர்களில் யாரும் இதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நான் சொன்னபோது வங்கி அதிகாரி மரியாதையோடு 'ஓஹோ, அப்படியா' என்றார்.

ருசி பார்க்கும் மேடைக்கு வருவோம். இங்கே எனக்குச் சுவாரசியமாக இருந்தது எச்சில். ருசி பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. குவளையின் தண்டை மட்டும் பிடிக்கவேண்டும், சுழற்றவேண்டும், மூக்கை உள்ளே விட்டு முகரவேண்டும், ஒரு வாய் எடுத்து நாக்கில் உருட்டவேண்டும், வேண்டுமானால் துப்பிவிடலாம். துப்புவதற்கென்றே மேடைமேல் ஒரு வாளி. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் வளர்ந்த உடம்புக்கு இது சாதாரணக் காரியமல்ல. உதடு படாமல் அண்ணாந்து குடிக்கப் பழகிய உடம்பு அது. டம்ளரில் வாய் வைத்துக் குடித்தால் கையில் ஓர் அடி விழும். எச்சில், பத்து, தீட்டு என்று ஒரு முழு அகராதியே அந்த வாயைச் சுற்றிக் காவல் நிற்கிறது. தென்மாவட்டத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை நின்றதும் (இன்னும் சில இடங்களில் வேறு வேறு வடிவில் நிற்பதும்) இந்த அகராதியின் பலத்தில்தான். அந்த வாய், பத்துப் பேர் பார்க்க, பொது வாளியில் துப்புகிறது. ஒருவர் முகத்திலும் கூச்சமில்லை. தீட்டு என்பது திரவத்திலோ எச்சிலிலோ இல்லை, அது யாருடைய எச்சில் என்பதில்தான் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கத்தை நான் பார்த்ததில்லை.

பூர்தியு ருசி என்பது வர்க்கத்தின் கையெழுத்து என்று நூற்றுக்கணக்கான பக்கங்களில் காட்டினார். இங்கே அது சாதியின் கைநாட்டும்கூட.

சொற்கள் வேறு. கொய்யா, எலுமிச்சைப் புல், ஈர மண், பச்சை மிளகாய் என்று குவளையில் என்னவெல்லாம் மணக்கலாம் என்று அட்டையில் அச்சடித்துக் கொடுக்கிறார்கள். சிரிக்கவேண்டியதில்லை, உண்மையிலேயே அவற்றில் இரண்டு எனக்கு மணந்தது. வெள்ளை ஒயின் ஒன்று நன்றாகவே இருந்தது. ஆனால் ஊறிய சாற்றை மரத்தாலும் மண்ணாலும் நேரத்தாலும் பிரித்தறிகிற அறிவு நமக்குப் புதிதா என்ன? ஆண்பனை (அலகு) சுரப்பது ஒரு தினுசு, பெண்பனை (பருவம்) சுரப்பது வேறு தினுசு. விடியலில் இறக்கியதும் அந்தியில் இறக்கியதும் ஒன்றல்ல. தேரிமண் பனைக்கும் கரிசல் பனைக்கும் வித்தியாசம் சொல்கிற பனையேறிகள் இருக்கிறார்கள். பாளை சீவும் அரிவாளின் கோணம், கலயத்தைக் கழுவிய விதம், சுண்ணாம்பின் அளவு, எல்லாம் சுவையில் தெரியும் என்பார்கள். ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடிக்கும்போது ஓலையின் வாசமும் சேரும். இந்த அறிவுக்கு அட்டை அச்சடிக்கப்படவில்லை. காவல் நிலையத்தில் வழக்குத்தான் எழுதப்பட்டது.

இங்கே வரலாற்றைக் கொஞ்சம் வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ராஜாஜி 1937 அக்டோபரில் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். (போன வருமானத்துக்கு ஈடாக 1939இல் வந்ததுதான் விற்பனை வரி.) 1948இல் மாகாணம் முழுக்க. அந்தக் காலம் முழுவதும் வெளிநாட்டவருக்கும், டாக்டர் சீட்டு வாங்க முடிந்தவருக்கும் பெர்மிட் உண்டு. சாந்தோம் முதலான தேவாலயங்களில் பூசைக்கான திராட்சை ரசத்துக்கும் தடை இல்லை. பனையேறிக்குத்தான் எந்தச் சீட்டும் இல்லை. 1971இல் மதுவிலக்கு தளர்ந்து 1974இல் திரும்ப இறுகி 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. இன்றுவரை அது நீங்கவில்லை. சாராயம் 1990இல் திரும்பி வந்து 1991இல் ஒழிந்தது. மிஞ்சியது 'இந்தியாவில் தயாரித்த அயல்நாட்டு மது' என்ற விசித்திரப் பெயருள்ள, பெரும்பாலும் கரும்புச் சர்க்கரைப் பாகின் கழிவிலிருந்து வடித்த ஸ்பிரிட். 2023-24 நிதியாண்டில் இதன்மூலம் தமிழக அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. எந்தக் கட்டத்திலும் போதைப்பொருள் எது என்பதை அதிலுள்ள சாராயச் சத்தின் அளவு தீர்மானிக்கவில்லை. ஒயினில் அது நூற்றுக்கு 12, 13. கள்ளில் அதில் பாதி இருந்தாலே அதிகம். டாஸ்மாக் பிராந்தியில் 42.8. குறைந்தது குற்றம், கூடியது அரசு வருமானம், நடுவில் உள்ளது கலாச்சாரம்! ஆக, ஒயின் என்பதை ஒரு திரவத்தின் பெயராகப் பார்ப்பதைவிட ஒரு விலக்களிப்பின் பெயராகப் பார்ப்பதே பொருந்தும். தீர்வையிலிருந்து விலக்கு, சட்டத்திலிருந்து விலக்கு, வெட்கத்திலிருந்து விலக்கு. 'குடிக்கப் போறதில்ல, டேஸ்டிங்' என்பது அந்த விலக்களிப்பின் பேச்சு வழக்கு.

இந்த விலக்கு எப்போதும் விவசாயியின் பெயரில்தான் கேட்கப்படுகிறது. 2022 ஜனவரியில் மகாராஷ்டிர அமைச்சரவை பெரிய பலசரக்குக் கடைகளில் ஒயின் விற்க அனுமதிக்க முடிவெடுத்தபோது, ஒயின் மதுவே இல்லை, விவசாயிக்கு வருமானம் என்ற பொருள்பட ஆளும் கூட்டணியின் சஞ்சய் ராவுத் பேசினார். எதிர்க்கட்சியாக இருந்த பாஜகவும் அண்ணா ஹசாரேவும் கலாச்சாரம் கெட்டுவிடும் என்று எதிர்த்தார்கள். ஒரு தரப்புக்கு விவசாயி, மறு தரப்புக்குக் கலாச்சாரம். கொடியைக் கவாத்து செய்கிறவளைப் பற்றி இரண்டு தரப்புக்கும் பேச்சில்லை. பையன் சொன்ன அதே 'லேபர்'.

இதைப் படிக்கும் தோழர்கள் சிலருக்கு இங்கே ஓர் அவசரம் வரும். அப்படியானால் கள்ளைத் திறந்துவிடு, அதுதான் நம் பண்பாடு, சங்கப் பாட்டிலேயே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. ஆனால் சங்கப் பாட்டிலேயே இரண்டும் இருக்கிறது. நன்மாறனுக்கு நக்கீரர் பாடிய புறநானூறு 56இல் யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் பெண்கள் ஊற்றிக்கொடுக்க அரசன் அருந்துகிறான். அதே தொகுப்பின் 235இல் அதியமான் அவ்வையோடு கள்ளைப் பகிர்கிறான். அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது கிடைத்த மத்தியதரைக்கடல் சாடிகளின் ஓடுகள் முதல் பாட்டுக்குச் சாட்சி. இறக்குமதித் தேறலும் பகிரும் கள்ளும் இரண்டாயிரம் வருஷமாக வேறு வேறு கைகளில் இருக்கின்றன. இந்த இரண்டையும் 'தமிழர் பண்பாடு' என்ற ஒரே கலயத்தில் ஊற்றுவது தமிழ்த் தேசியத்துக்கு வசதி. 2025 ஜூனில் சீமான் தூத்துக்குடி மாவட்டத்தில் பனையேறிக் கள் இறக்கிக் காட்டியபோது கேமராவுக்குக் கிடைத்தது பனை. பனையேறும் சாதிகள் எத்தனை தலைமுறை அந்த மரத்தாலேயே இழிவுபடுத்தப்பட்டார்கள் என்பது கிடைக்கவில்லை. ஈரோட்டில் 1921இல் கள்ளுக்கடை மறியலுக்காகத் தன் தோப்புத் தென்னையை வெட்டிய பெரியாரே பின்னாளில் மதுவிலக்கை எதிர்த்துப் பேசினார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் இது எவ்வளவு சிக்கலான வெளி என்பது புரியும்.

இன்னொரு பக்கத்திலிருந்து வரும் குரலுக்கு எனக்கு எளிய பதில் இல்லை. 1992இல் ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் கூலிப் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்ததிலிருந்து தொடங்கிய இயக்கம் அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்கச் சாராயத்துக்குத் தடை கொண்டுவந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் தினக்கூலிகள். அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி உளுந்தூர்பேட்டையில் விடுதலைச் சிறுத்தைகள் மது ஒழிப்பு மகளிர் மாநாடு நடத்தினார்கள். அங்கே வந்து உட்கார்ந்த பெண்களிடம் போய்க் குடியின் உடலரசியல், கொண்டாட்ட வெளி, பக்தின் என்றெல்லாம் நம்மால் பேசமுடியுமா? முடியாது. நம் பக்கங்களில் குடியைக் கலகமாகக் கொண்டாடி எழுதிய ஆண்கள் அனைவரும் (பெயர் எதற்கு, எல்லாரும் நண்பர்கள்) அந்தக் கலகத்தின் மறுநாள் காலையை யார் கழுவித் துடைத்தார்கள் என்று எழுதவில்லை.

ஆனால் அந்த மாநாட்டின் கோரிக்கையையும் ஒயின் மேடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. முழு மதுவிலக்கு வந்தால் யாருக்கு வரும்? மயிலாப்பூர்க்காரருக்கு நாசிக் இருக்கிறது, புதுச்சேரி இருக்கிறது, விமான நிலையக் கடை இருக்கிறது. கருணாபுரத்துக்காரருக்குக் கருணாபுரம்தான் இருக்கிறது. தடையும் விலக்கும் ஒரே எந்திரத்தின் இரண்டு கைப்பிடிகள். தடையைப் பற்றி நாம் ஏராளமாக எழுதியாகிவிட்டது. விலக்கைப் பற்றி எழுதவில்லை, ஏனென்றால் விலக்கு அழகாக இருக்கிறது, மாலை வெயிலில் இருக்கிறது.

நாசிக்கிலிருந்து திரும்பிய சில வாரங்களில் கம்பம் போயிருந்தேன். இங்கேயும் அணைத் தண்ணீர்தான், முல்லைப் பெரியாறு. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. தாவரவியல்காரர்கள் மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். வருஷம் முழுக்கக் காய்க்கும். பாண்டி பஜார் தள்ளுவண்டிகளில் நாம் வாங்கும் விதையுள்ள கறுப்புத் திராட்சை இதுதான். சாந்தோம், பெரம்பூர்ப் பக்கங்களில் கிறிஸ்துமஸுக்குச் சீனா ஜாடியில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து ஊறவைப்பதும் இதைத்தான். நாசிக்கில் ஒயின் கொடி கம்பிவரிசையில் நிமிர்ந்து நிற்கும். நாம் நடுவே நடக்கலாம். கம்பத்தில் தலைக்குமேல் பந்தல். குனிந்துதான் உள்ளே போகவேண்டும்.

குமுளியிலிருந்து இறங்குகிற சுற்றுலா வண்டிகள் சாலையோரத் தோட்டங்களில் நிற்கின்றன. பந்தலுக்கடியில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வாசலில் ஜூஸ், உலர்திராட்சை, ஜாம். ஓர் இடத்தில் ஜூஸ் பிழிந்து கொடுத்த அம்மாவிடம், உள்ளே வேலை செய்கிறவர்களைப் பார்க்கலாமா என்றேன். 'என்னத்தப் பாக்கப் போறீக? எல்லாம் நாங்கதேன்' என்றார். பந்தலில் காய் உதிர்க்கிற கத்தரிக்கோல் அவர் இடுப்பிலேயே இருந்தது. கிலோ என்ன விலைக்கு வியாபாரி எடுக்கிறார், மழை பெய்தால் காய் வெடிக்குமா, மருந்து எத்தனை தடவை அடிக்கிறார்கள், அடித்த அன்று கூலியாட்கள் என்ன செய்வார்கள் என்று அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். மருந்தடிக்கும் நாளில் தொண்டை எரியும் என்றார். நாசிக் அட்டையில் அந்த ருசிக்குச் சொல் இல்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். ஜூஸுக்குக் காசு கொடுத்தபோது சில்லறை இல்லை என்று ஒரு கொத்துத் திராட்சையைப் பையில் போட்டுக் கொடுத்தார்.